செய்மதிக்குத் தெரியும் பாசியும் தெரியாத பாசியும்



பேர்ண் நகரத்திலிருந்து மேற்குப் பக்கமாக ரயிலில் போனால் முர்ட்டன் என்றொரு சின்னப் பட்டணம் வரும். மேலே பழைய மதில், கீழே ஏரி. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் உங்கள் பிள்ளைகள் போய்ப் பார்த்திருப்பார்கள். 1476ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் திகதி அந்த ஏரிக்கரையில் ஒரு பெரும் சண்டை நடந்தது. பேர்கண்டி நாட்டுக் கோமகன் சார்ள்ஸின் படையைச் சுவிஸ்காரர் முறியடித்தார்கள். தப்பி ஓட வழியில்லாமல் பேர்கண்டிப் படையாட்கள் பலர் ஏரிக்குள் இறங்கி மூழ்கிப்போனார்கள். பிற்காலத்தில் அந்த ஏரித் தண்ணீர் சில வருடங்களில் கரையோரமாகச் சிவந்து கிடந்தபோது, ஊர்ச்சனங்கள் அதைப் பேர்கண்டியரின் இரத்தம் என்றே சொன்னார்கள். போரைக் கண்ட சனம் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து ஏன் இப்படி நினைத்தது என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1825இல் ஜெனீவாவைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் து கந்தோல் அந்தச் சிவப்பை ஆராய்ந்து, அது இரத்தம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத நூல்போன்ற ஓர் உயிரினம் என்று விவரித்து அதற்குப் பெயரும் வைத்தார். இன்று அதன் அறிவியல் பெயர் பிளாங்டோத்ரிக்ஸ் ரூபெசென்ஸ். ஜேர்மன் மொழியில் இன்றைக்கும் 'புர்குண்டர்புளூட்அல்கே' என்றுதான் சொல்கிறார்கள். பேர்கண்டி இரத்தப் பாசி என்று அர்த்தம்.

பாசி என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் இது உண்மையில் பாசி இனம் அல்ல. ஒளித்தொகுப்புச் செய்யக்கூடிய ஒருவகைப் பற்றீரியா. நீலப்பச்சைப் பாசி என்று நாங்கள் ஊரில் உயிரியல் பாடத்தில் படித்த கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தக் கூட்டத்தில் சில இனங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சையும், சில நரம்பைத் தாக்கும் நஞ்சையும் உண்டாக்கும். வெய்யில், இளஞ்சூடான தண்ணீர், போதிய பொஸ்பரஸ், காற்றில்லாத நாட்கள் எல்லாம் ஒன்றாகக் கூடிவந்தால் இவை பல்கிப் பெருகி ஏரியின் நிறத்தையே மாற்றிவிடும். பாசிப் பெருக்கம் என்று அதைச் சொல்லுவோம். இந்தப் பெருக்கத்தை வானத்திலிருந்து செய்மதி மூலம் எப்படிக் கண்காணிக்கிறார்கள், அந்தக் கண்காணிப்பை நாங்கள் எவ்வளவு தூரம் நம்பி இருக்கலாம் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் ஒரு சாதாரணக் கேள்வி. ஏரியில் பாசி இருக்கிறதா என்று பார்க்க வள்ளத்தில் போய் ஒரு போத்தலில் தண்ணீர் அள்ளிவந்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் போதாதா? போதாது. ஜெனீவா ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீற்றர். அதன் நடுவே ஓர் இடத்தில் 1950களிலிருந்து ஒழுங்காகத் தண்ணீர் எடுத்துப் பார்த்து வருகிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதங்களில் இரு தடவை. அருமையான வேலை, அத்தனை வருடக் கணக்கு உலகத்தில் அதிக ஏரிகளுக்குக் கிடையாது. ஆனால் பாசிப் பெருக்கம் ஒரு கிழமைக்குள் வந்து மறு கிழமை போய்விடக்கூடியது. அது ஒரு மூலையில் தடித்துக் கிடக்கும், இன்னொரு மூலையில் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஓர் இடத்தில் அள்ளிய போத்தல் 580 சதுர கிலோமீற்றருக்கும் சாட்சி சொல்ல முடியாது.

செய்மதி செய்வது இதுதான். நிலத்திலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, ஏரியிலிருந்து திரும்பி வரும் சூரிய ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்து அளக்கிறது. பச்சையம் உள்ள உயிர்கள் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உறிஞ்சிக்கொள்ளும், பச்சையைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் வாழையிலை பச்சையாகத் தெரிகிறது. பாசி தடித்த தண்ணீரில் இன்னும் ஒன்று நடக்கும். சிவப்பின் கடைசி விளிம்பில், எங்கள் கண்ணுக்கு அரைகுறையாகவே தெரியும் ஓரிடத்தில், ஒளி திடீரென்று கூடுதலாகத் திரும்பி வரும். 665 நனோமீற்றர் அளவில் குறைவாகவும் 705 நனோமீற்றர் அளவில் கூடுதலாகவும் ஒளி வந்தால், அங்கே பச்சையம் நிறைய இருக்கிறது என்று கணக்குப் போடலாம். நீலப்பச்சை இனத்தில் மட்டும் பைக்கோசயனின் என்ற நிறப்பொருள் அதிகமாக உண்டு. அது 620 நனோமீற்றர் அளவில் ஒளியை விழுங்கும். அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரிந்தால் இது சாதாரணப் பாசியல்ல, கவனிக்க வேண்டிய பாசி என்று சந்தேகப்படலாம்.

கேட்பதற்கு லேசாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் செய்மதியின் கருவிக்கு வந்து சேரும் ஒளியில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கு தண்ணீரிலிருந்து வந்ததே அல்ல. இடையில் உள்ள காற்றும் தூசியும் சிதறவிட்ட ஒளி. அதைக் கழித்துவிட்டு மீதியைத்தான் வாசிக்க வேண்டும். போதாக்குறைக்குச் சுவிஸ் ஏரிகளைச் சுற்றி மலையும் காடும். கரையிலுள்ள மரங்களின் ஒளி கரையோரத் தண்ணீரின் கணக்குக்குள் புகுந்துவிடும். முகில் மூடினால் ஒன்றுமே தெரியாது. இந்த நாட்டில் முகில் எத்தனை நாள் மூடும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2002 மார்ச்சில் என்விசாற் என்ற செய்மதியை ஏவியது. அதிலிருந்த மெரிஸ் என்ற கருவிதான் ஏரிகளைப் பார்ப்பவர்களுக்கு நல்ல காலத்தைக் கொண்டுவந்தது. 2012 ஏப்ரலில் அதனுடன் தொடர்பு அற்றுப்போனது. பிறகு 2016இலிருந்து சென்ரினல்-3 என்ற செய்மதிகள் அந்த வேலையைத் தொடர்கின்றன. அவற்றின் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் 300 மீற்றருக்கு 300 மீற்றர். ஜெனீவா ஏரிக்கு அப்படி 6400 கட்டங்கள் கிடைக்கும், தாராளம். சூரிச்சுக்குப் பக்கத்திலுள்ள கிறைஃபன் ஏரி எட்டரைச் சதுர கிலோமீற்றர். அதற்கு நூறு கட்டம்கூட வராது, அதிலும் கரையோரக் கட்டங்கள் பாதி தண்ணீர், பாதி தரை. எங்கள் கொழும்புப் பெய்ரா வாவி இருக்கிறதே, பச்சைக் குழம்பு மாதிரிக் கிடக்கும் அந்தத் தண்ணீருக்கு ஏழெட்டுக் கட்டம்தான். ஒன்றும் செய்ய முடியாது.

சின்னத் தண்ணீர்களுக்கு உதவுவது 2015இலிருந்து பறக்கும் சென்ரினல்-2 செய்மதிகள். அவற்றின் கட்டம் 10 மீற்றர், 20 மீற்றர் அளவு. அதே இடத்துக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை திரும்ப வரும். பெய்ரா வாவியும் இரணைமடுக் குளமும் முர்ட்டன் ஏரியும் இந்தச் செய்மதிக்கு ஒன்றுதான், எல்லாவற்றையும் படம் பிடிக்கிறது. படங்கள் இலவசம், யாரும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் நான் சொன்ன அந்த 620 நனோமீற்றர் கண் இதற்குக் கிடையாது. கட்டம் சிறிதாக வேண்டுமென்றால் நிறங்கள் குறைவு, நிறங்கள் வேண்டுமென்றால் கட்டம் பெரிது. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது 2021ஆம் ஆண்டுக் கதைக்கு வருகிறேன். அந்தக் கோடை நினைவிருக்கும். ஜூலையில் நாடெங்கும் மழை, வெள்ளம், ஆறுகளும் ஏரிகளும் கரைமீறின. செப்டெம்பர் தொடக்கத்தில் நல்ல வெய்யில் வந்தபோது ஜெனீவா ஏரியின் தண்ணீர் பழுப்பு நிறமானது. வந்த பாசியின் பெயர் யுரோக்லீனா. இது நீலப்பச்சைக் கூட்டம் அல்ல, பொன்பழுப்புப் பாசி இனம். ஜெனீவா ஏரி ஒன்றும் அழுக்கு ஏரி அல்ல என்பதுதான் ஆச்சரியம். 1970களின் இறுதியில் ஒரு லீற்றர் தண்ணீரில் 90 மைக்ரோகிராம் அளவுக்கு ஏறியிருந்த பொஸ்பரஸ், இன்று அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு அண்மையாக இறங்கிவிட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஒரு காரணம். 1986இல் உடுப்புத் தோய்க்கும் தூளில் பொஸ்பேற்றை நாடு முழுவதும் தடைசெய்தது இன்னொரு காரணம். எங்களில் பலர் வந்திறங்கி, முகாமின் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய அதே காலம்தான். தூள் மாறியதை நாங்கள் எங்கே கவனித்தோம்!

அப்படிச் சுத்தமான ஏரியில் திடீரென்று இவ்வளவு பாசி எங்கிருந்து வந்தது? டூபென்டோர்ஃப் நகரில் எயாவாக் என்ற நீர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ளவர்களும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து இதைத் துப்பறிந்தார்கள். செய்மதிப் படங்கள் ஒருபக்கம். மறுபக்கம் லௌசானுக்கு அருகே புய்யி கரைக்கு அப்பால் 2019இலிருந்து மிதக்கும் லெக்ஸ்புளோர் என்ற ஆய்வு மேடை. பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர், அதன்கீழ் 110 மீற்றர் ஆழத் தண்ணீர். அதிலுள்ள கருவிகள் இரவும் பகலும் தண்ணீருக்குள் ஏறி இறங்கி அளந்துகொண்டிருக்கும். மூன்றாவதாக, ஏரியின் நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் மாதிரி. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, 2024இல் வெளியிட்ட கட்டுரையில் வரிசையைச் சொன்னார்கள். முதலில் கடும் மழை, அது நிலத்திலிருந்து உக்கிய பொருட்களையும் சத்துகளையும் ஏரிக்குள் கொண்டுவந்து தள்ளியது. பிறகு பலத்த காற்று, அது கரையோர மேல்தண்ணீரை விலக்கி, ஆழத்துத் தண்ணீரை மேலே இழுத்தது. அதற்குப் பிறகு நீண்ட, சூடான, காற்றில்லாத நாட்கள். இந்த மூன்றும் இந்த ஒழுங்கிலே வந்ததால்தான் பெருக்கம். ஒழுங்கு மாறியிருந்தால் நடந்திருக்குமோ தெரியாது. சோறு, கறி, உப்பு எல்லாம் இருந்தும் எதை எப்போது போடுவது என்பதில்தான் சமையல் இருக்கிறது, அதுபோல.

செய்மதி இல்லாவிட்டால் இந்தக் கதையின் முதல் அத்தியாயம் கிடைத்திராது. எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் நகர்ந்தது, எவ்வளவு பரந்தது என்பதைச் சொன்னது அதுதான். இவ்வளவு தூரம் அதைப் புகழ்கிறேன். இனி மற்றப் பக்கம்.

போன கோடையில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஏரிக்கரையில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தோம். சிறுசுகள் தண்ணீருக்குள். பக்கத்திலிருந்த அக்கா ஒருவர், கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "தம்பி, இப்ப செய்மதியில பாத்து ஏரியில பாசி இருக்கோ இல்லையோ எண்டு போடுறாங்களாம். இதில பச்சையா ஒண்டும் காணேல்லை. அப்ப பயமில்லைத்தானே?"

"இல்லை அக்கா, அது வேற, இது வேற," என்றேன். அவர் விடவில்லை. "என்ன வேற? மேல இருந்து பாக்கிறவனுக்குத் தெரியாததோ எங்களுக்குத் தெரியப்போகுது?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இரண்டு ஏரிகளில் இருக்கிறது.

ஒன்று சூரிச் ஏரி. முர்ட்டனில் சொன்ன அதே சிவப்புப் பாசி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சூரிச் ஏரிக்கும் வந்து சேர்ந்து, இன்று அங்கே ஆட்சி செய்கிறது. ஈரல் நஞ்சை உண்டாக்கும் இனம். ஆனால் கோடையில் அது மேலே வருவதில்லை. 10 தொடக்கம் 15 மீற்றர் ஆழத்தில், சூடான மேல்தண்ணீரும் குளிர்ந்த கீழ்த்தண்ணீரும் சந்திக்கும் படையில் குந்திக்கொண்டு, மங்கிய வெளிச்சத்திலேயே சீவிக்கும். மேலிருந்து பார்த்தால் நீலத் தண்ணீர், பிள்ளைகள் நீந்துகிறார்கள், செய்மதிக்கும் எல்லாம் சுகம். இலையுதிர் காலத்துக்குப் பிறகு தண்ணீர் கலங்கும்போதுதான் சில நாட்களில் சிவந்த திட்டுகளாக மேலே வரும்.

இதிலே ஒரு புதினம். பொஸ்பரஸ் குறைந்த பிறகும் இந்தப் பாசி குறையவில்லை. இந்தச் சிவப்பு நூலுக்குள் மிதப்பதற்கு நுண்ணிய காற்றுப்பைகள் உண்டு. கடும் குளிர்காலத்தில் ஏரித் தண்ணீர் மேலிருந்து அடிவரை கலக்கும்போது பாசியும் ஆழத்துக்கு இழுபடும், அங்கே அமுக்கத்தில் அந்தப் பைகள் நசிந்துவிடும், பெருந்தொகை அழிந்துபோகும். இப்போது குளிர்காலம் சூடாகிவிட்டது, ஏரி அடிவரை கலப்பது குறைந்துவிட்டது. சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இதை எழுதினார்கள். தூளைத் தடைசெய்து ஏரியைக் காப்பாற்றிய நாட்டில், வானிலை வேறு வழியாக வந்து அதே பாசிக்குக் கைகொடுக்கிறது. சூரிச் நகரத்தின் குடிதண்ணீரில் ஏறத்தாழ 70 வீதம் இந்த ஏரியிலிருந்துதான் வருகிறது. பயப்படவேண்டாம். தண்ணீரை 30 மீற்றர் ஆழமளவில் உறிஞ்சி, ஓசோன் வாயுவாலும் கரியாலும் மணலாலும் சுத்திகரித்துத்தான் குழாய்க்கு அனுப்புகிறார்கள். ஆனால் அந்தப் பாசி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று செய்மதி சொல்லாது. வள்ளத்தில் போய்க் கருவியை இறக்கித்தான் பார்க்கிறார்கள்.

மற்றது நௌஷாத்தல் ஏரி. 2020 ஜூலை மாத இறுதியில், அறூஸ் ஆறு ஏரியில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் விளையாடிய நாய்கள் சில, சிறிது நேரத்துக்குள்ளேயே செத்துப்போயின. மாநில அதிகாரிகள் கரையை மூடினார்கள். சோதனையில் நீலப்பச்சைப் பாசி நஞ்சுதான் காரணம் என்று தெரிந்தது. அப்படியான இடங்களில் பாசி தண்ணீர் முழுவதும் பரவிக் கிடப்பதில்லை. அடியிலே கல்லிலும் மண்ணிலும் பாய்போலப் படிந்து வளர்ந்து, பிய்ந்து, கறுத்த கட்டிகளாகக் கரைக்கு ஒதுங்கும். நாய்க்கு அந்த மணம் பிடிக்கும், கடிக்கும், விழுங்கும். தண்ணீரோ கண்ணாடி மாதிரித் தெளிவு. 300 மீற்றர் கட்டமோ 20 மீற்றர் கட்டமோ, உள்ளங்கையளவு கட்டியைக் காட்டுமா?

இன்னுமொன்று. செய்மதி நிறத்தைத்தான் பார்க்கிறது, நஞ்சைப் பார்ப்பதில்லை. நஞ்சுக்கு நிறம் கிடையாது. ஒரே இனப் பாசி ஒரு கிழமை நஞ்சோடும் மறு கிழமை நஞ்சு குறைவாகவும் இருக்கும். ஆய்வுகூடத்தில் சோதித்தால்தான் தெரியும். அமெரிக்காவில் ஈரி ஏரியைச் செய்மதியால் ஒவ்வொரு கோடையும் கண்காணித்துக்கொண்டுதான் இருந்தார்கள். என்றாலும் 2014 ஓகஸ்ட் மாதம் ரொலீடோ நகரத்துக் குழாய்த் தண்ணீரில் நஞ்சு இருக்கிறது என்று கண்டுபிடித்தது தண்ணீர் ஆலையின் சோதனைதான். ஏறத்தாழ நாலைந்து லட்சம் பேருக்குச் சில நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்றார்கள். கொதிக்கவைத்தும் குடிக்கக் கூடாது. அந்த நஞ்சு கொதித்தால் அழியாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கடுமையாகும். கொதித்தாறிய தண்ணீர் எல்லாவற்றுக்கும் மருந்து என்று வளர்ந்த எங்களுக்கு இது மனதில் பதியவேண்டிய செய்தி.

ஆகவே அந்த அக்காவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். எயாவாக் நிலையம் ஆல்ப்லேக்ஸ் என்ற இணையப் பக்கத்தில் சுவிஸ் ஏரிகள் பலவற்றின் வெப்பநிலையையும் செய்மதிப் படங்களையும் யாரும் பார்க்கும்படி போடுகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள், அழகாக இருக்கும். எங்கே நிறம் மாறுகிறது என்று தெரிந்தால் மாநில அலுவலர்கள் எங்கே போய்ப் போத்தல் நிரப்பவேண்டும் என்று முடிவெடுக்கவும் அது உதவும். ஆனால் தண்ணீரில் இறங்கலாமா என்பதற்கு அது விடையல்ல.

விடை கரையில் இருக்கிறது. பிள்ளைகள் 'பாடி' என்று சொல்லும் நீச்சல் கரைகளில் அறிவித்தல் பலகை கட்டியிருந்தால் வாசியுங்கள். ஜேர்மன் பகுதியில் 'பிளாவ்அல்கன்', பிரெஞ்சுப் பகுதியில் 'சியானோபக்தேரி' என்று எழுதியிருக்கும். பெரியவர்கள் ஒருவர் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று குனிந்து பாருங்கள். சொந்தப் பாதம் தெரியாத அளவுக்குத் தண்ணீர் பச்சையாகவோ கலங்கியோ இருந்தால் இறங்கவேண்டாம். மேலே பெயின்ற் ஊற்றியமாதிரிப் படலமோ, கரையில் ஒதுங்கிய கறுத்த, பச்சைக் கட்டிகளோ கிடந்தால் சிறுபிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம். அவர்கள்தான் தண்ணீரை விழுங்குவார்கள், கையில் அகப்பட்டதை வாயில் வைப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மிதக்கும் மஞ்சள் தூளைக் கண்டு பயப்படத் தேவையில்லை, அது பெரும்பாலும் மரங்களின் மகரந்தம். பாசி பெருகிய ஏரியில் பிடித்த மீனென்றால் குடலையும் ஈரலையும் எறிந்துவிடுங்கள், ஈரல் ருசி என்று வாதாடவேண்டாம்.

நாய் வளர்ப்பவர்கள் இப்போது எங்களிலும் கூடிவிட்டார்கள். நாய் தண்ணீரால் ஏறியவுடன், அது தன் மயிரை நக்குவதற்கு முன்னம், நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ நேரே மிருக வைத்தியரிடம். பிள்ளையோ பெரியவரோ சந்தேகமான தண்ணீரை விழுங்கி வயிற்றுக்குழப்பம், தலையிடி என்று சொன்னால் 145 என்ற இலக்கத்தை அழையுங்கள். நச்சுத்தன்மை பற்றிய ஆலோசனைக்கு இரவு பகல் எந்நேரமும் இயங்கும் இலக்கம் அது. ஜேர்மன், பிரெஞ்சு வராத அம்மம்மா, அம்மப்பா பிள்ளைகளைக் கொண்டு ஏரிக்குப் போவதென்றால், இந்த மூன்று இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி அவர்கள் பையில் வைத்துவிடுங்கள்.